நேரமே இல்லாத அப்பாவுக்கு நெடுந்தூர ஓட்டம் சரிப்படுமா?

இருபிள்ளைத் தகப்பன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது நாற்பதை நெருங்குகிறது. பெரியவள் பள்ளிக்குப் போகிறாள், சின்னவன் இப்போதுதான் தவழ்கிறான். நாள் முழுக்க நாற்காலி வேலை. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரைக்கு முன்னால் உடம்பை அசைத்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஜிம் தூரம். ஏதாவது விளையாடலாம் என்றால் நாலு பேர் சேர வேண்டும், அந்த நாலு பேருக்கும் என்னைப் போலவே வீட்டில் வேலை. அலுவலகத்தில் ஒருவர் நெடுந்தூரம் ஓடுகிறார். அவர் பேசுவதைக் கேட்டால் ஆசையாக இருக்கிறது. ஆனால் 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் என்று அவர் அடுக்கும்போது இதற்கெல்லாம் எங்கே போவது நேரத்துக்கு என்ற மலைப்பும் வருகிறது.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உண்மையில் என்ன கிடைக்கிறது? வீட்டில் சண்டை வராமல் செய்ய முடியுமா?

மெதுவோட்டக்காரர் எழுதியது:

வாங்க தம்பி. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே ஓட ஆரம்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் முதல் லாபம், இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது. வாசலைத் தாண்டியதும் பயிற்சி ஆரம்பம், வாசலுக்குத் திரும்பினால் முடிந்தது. 40 நிமிடம் என்றால் 40 நிமிடம்தான். ஜிம்முக்குப் போய்வரும் நேரத்திலேயே ஒரு ஓட்டம் முடிந்துவிடும்.

அடுத்தது உடம்புக்குள் நடப்பது. நிதானமாக, நீண்ட நேரம் ஓடி ஓடி, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. அதனால்தான் ஓடுகிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு குறைவாக இருக்கும். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன, கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் திறன் ஏறுகிறது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும். உங்கள் மருத்துவர் சொன்னது அதைத்தான்.

நேரக் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும், இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. ஓட்டம் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில் சேரும். வாரம் மூன்று அரைமணி நேர ஓட்டம் போதும், அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 55,137 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஓடாதவர்களைவிட ஓடியவர்களுக்கு இறப்பு அபாயம் 30 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 45 சதவீதமும் குறைவாக இருந்தன. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் அந்தப் பலன் தெரிந்தது.

வேகம் பற்றி ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஒருவர் ஓடிவந்தால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவரும் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர்தான். அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். அதே லிடியார்ட்தான் அப்புறம் தன் ஊரான ஆக்லாந்தில் இதய நோய் வந்த நடுவயது ஆட்களையும் மெதுவாக ஓடவிட்டார். ஜாகிங் பரவியதில் அந்த ஆக்லாந்துக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரும்புப்பிரியன் எழுதியது:

> நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் அந்தப் பலன் தெரிந்தது

ஐயா, உங்கள் வாதத்தை நீங்களே வெட்டிவிட்டீர்களே. ஐந்து பத்து நிமிடத்திலேயே பலன் என்றால் பிறகு எதற்கு நெடுந்தூரம்? அதுவும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான். ஓடுகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக, புகைக்காதவர்களாக இருந்திருக்கலாம். ஓடியதால்தான் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், அதே உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையில் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்யச் சொல்லியிருப்பதை ஓட்டக்காரர்கள் யாரும் சொல்வதே இல்லை. நடுவயதில் தசை தானாகக் கரைய ஆரம்பிக்கிறது. வீட்டிலேயே இரண்டு டம்பெல் போதும், குழந்தை பக்கத்திலேயே விளையாடும். முழங்கால் தேய்மானம் வேறு.

மெதுவோட்டக்காரர் எழுதியது:

தசைப் பயிற்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆய்வு பற்றிய எச்சரிக்கையும் நியாயம்தான்.

முழங்கால் மட்டும் சரியில்லை. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே ஓடும் தொழில்முறை ஆட்களில்தான் 13.3. நம்மைப் போன்றவர்கள் முதல் வகை. இதுவும் தொடர்பைக் காட்டுவதுதான், காரணத்தை நிரூபிப்பதல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடினால் முழங்கால் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இதைவிட மெலிவு.

எதற்கு நெடுந்தூரம் என்ற கேள்விதான் உண்மையான கேள்வி. ஆயுளுக்காக மட்டும் என்றால் வேண்டியதில்லை, அரைமணி நேரமே தாராளம். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற உடம்பு வேறு காரியங்களுக்கு உதவுகிறது. ராத்திரி பாதித் தூக்கத்தில் எழுந்து, பகல் முழுக்க வேலை பார்த்து, சாயங்காலம் தோளில் ஏறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு வேகம் உதவாது, தாக்குப்பிடிக்கும் சக்திதான் வேண்டும். அது நீண்ட, மெதுவான ஓட்டத்தில்தான் நன்றாக வளர்கிறது. எனக்குத் தெரிந்து அப்பாக்களுக்கு இதுதான் பெரிய பலன். எந்த ஆய்விலும் படித்துச் சொல்லவில்லை, என் அபிப்பிராயம்.

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

நான் அப்பா இல்லை, அம்மா. என் வீட்டுக்காரர் ஓடுகிறார், அதனால் எனக்கும் இந்த இழையில் பேச உரிமை உண்டு.

மேலே எல்லோரும் நேரம் நேரம் என்கிறீர்கள். அது யாருடைய நேரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா ஓடும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? வாசலைத் தாண்டியதும் ஆரம்பம், திரும்பினால் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் அப்படித் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர ஓட்டம் என்பார்கள். முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும். காலையில் போய் வந்து, உடம்பை நீட்டி மடக்கி, குளித்து, சாப்பிட்டு, மதியம் ஒரு தூக்கம். இரண்டு மணி நேரம் என்று சொன்னது பாதி நாளாகிவிடும். போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டால் மூன்று நான்கு மாதம் இதே கதை. அந்தப் பாதி நாளும் என் கணக்கில்தான் விழுகிறது.

ஓடக்கூடாது என்று சொல்லவில்லை. ஓடிவிட்டு வருகிற நாளில் அவர் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கிறார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அது சும்மா நடந்துவிடவில்லை. பேசி, முறைத்து, மறுபடி பேசித்தான் இப்போதுள்ள ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் எவ்வளவு நேரம் ஓடுகிறாரோ அதே அளவு நேரம் அந்த வாரத்திலேயே எனக்கு உண்டு. நான் என்ன செய்கிறேன் என்று கணக்குக் கேட்கக் கூடாது, தூங்கினாலும் சரி. வீட்டுக்குள் வந்த நிமிடமே குழந்தை அவர் கைக்குப் போகும், உடம்பை நீட்டுவதெல்லாம் குழந்தையை வைத்துக்கொண்டே செய்யலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத ராத்திரிக்கு மறுநாள் காலை ஓட்டம் கிடையாது. போட்டிக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும், கட்டிவிட்டு வந்து சொல்லக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் சண்டை அதிகம் வந்தது.

இருபிள்ளைத் தகப்பன் எழுதியது:

அக்கா, நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள். இன்றே வீட்டில் படிக்கக் கொடுத்தேன். "இவங்க யாரு, நம்பர் கிடைக்குமா" என்கிறாள்.

வண்டிதள்ளி எழுதியது:

யாருடைய நேரம் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த விடை தள்ளுவண்டி. குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினால் மனைவிக்கு வீடு அமைதியாகக் கிடைக்கிறது, எனக்கு ஓட்டம், குழந்தைக்கு வேடிக்கை. பாதி நேரம் தூங்கிவிடுவாள்.

ஆனால் சில விஷயங்களில் விளையாடக் கூடாது. கழுத்து நன்றாக நிற்காத குழந்தையை வைத்து ஓடக் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேலும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். சாதாரணத் தள்ளுவண்டி இதற்கு ஆகாது. ஓட்டத்துக்கென்றே பெரிய சக்கரத்தோடு வருகிற மூன்று சக்கர வண்டி வேண்டும், குழந்தையைக் கட்டிவைக்கும் ஐந்து முனைப் பட்டை, கைப்பிடியில் பிரேக், மணிக்கட்டில் மாட்டும் வார் எல்லாம் இருக்க வேண்டும். ஓடும்போது முன்சக்கரத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் சின்னக் கல்லில் வண்டி திரும்பிவிடும். வெயிலுக்காகத் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே சூடு ஏறும். காதில் பாட்டு வேண்டாம். வேகம் குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

தள்ளிக்கொண்டு ஓடுவது என்றதும் டிக் ஹாய்ட் நினைவுக்கு வராமல் இருக்காது. அமெரிக்கர். அவர் மகன் ரிக்குக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். 1977இல் ஐந்து மைல் நற்பணி ஓட்டம் ஒன்றில் மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினார். ஓடும்போது தன் உடம்பின் குறையே தெரியவில்லை என்று மகன் சொன்னதும் அப்பா நிறுத்தவில்லை. இருவரும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள், பாஸ்டன் மாரத்தான் மட்டுமே 32 தடவை. அப்பா 2021இலும் மகன் 2023இலும் காலமானார்கள். இதில் நான் கவனித்தது, முதல் போட்டிக்கு முன்னால் அப்பா ஒன்றும் ஓட்டப்பந்தய வீரர் இல்லை. முப்பதுகளில் இருந்த, வேலைக்குப் போகிற ஓர் அப்பா.

கெண்டைக்கால் எழுதியது:

இயன்முறை சிகிச்சை என் தொழில். என்னிடம் வருகிற ஓட்டக்கார அப்பாக்களிடம் ஒரே மாதிரி கதைதான் கேட்கிறேன், எனவே இருபிள்ளைத் தகப்பனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கால் அதற்குத் தயாராக இருக்காது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுருக்கென்று குத்துவது, முன்னங்கால் எலும்பில் வலி, குதிகால் நாணில் இறுக்கம், எல்லாம் இப்படி வருவதுதான்.

வாரம் 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தை ஏற்றாதே என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். விதிப்படி மெதுவாக ஏற்றியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் ஒரே அளவில்தான், ஐந்தில் ஒருவருக்கு, காயம் ஏற்பட்டது. ஆக, அதை ஒரு மந்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். வலி சொல்வதைக் கேளுங்கள். ஓடும்போது ஏறிக்கொண்டே போகிற வலி, மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கிற வலி இரண்டும் நிறுத்தச் சொல்லும் வலிகள்.

முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி 20 அல்லது 25 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அவசரமே வேண்டாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இன்னொரு பேச்சு. தூக்கம் கெட்ட வாரத்தில் வேக ஓட்டம், மேட்டு ஓட்டம் எதுவும் வேண்டாம். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு அலாரம் வைத்து எழுந்து ஓடுவதை வீரம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவன்தான் அடுத்த வருடமும் ஓடிக்கொண்டிருப்பான்.

இரவுப்பணி எழுதியது:

ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடு என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையெல்லாம் உதவாது. நான் வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்துவிடுகிறேன். பேருந்துக்கு நின்று, நெரிசலில் வந்து சேர ஆகும் நேரமும் ஓடிவர ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டு நேரத்தில் ஒரு நிமிடமும் குறைவதில்லை. மாற்றுத்துணியும் துண்டும் வேலையிடத்தில் இருக்கும், முதுகுப்பையில் சாவியும் ஃபோனும் மட்டும். இரவு ஓடினால் ஒளிபட்டால் மின்னும் பட்டை போட்ட மேல்சட்டை அவசியம், வண்டிகள் உங்களுக்கு எதிரே வருகிற பக்கமாக ஓடுங்கள்.

முழுநேர வேலையோடு ஓட முடியாது என்கிறவர்களுக்கு யூகி கவாவுச்சியைச் சொல்வேன். ஜப்பானில் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே 2018 பாஸ்டன் மாரத்தானைக் கொட்டும் குளிர்மழையில் வென்றவர். மற்ற பெரிய வீரர்கள் நாளுக்கு இரண்டு தடவை ஓடுவார்கள், இவர் வேலை காரணமாகப் பெரும்பாலும் ஒரு தடவைதான்.

இரும்புப்பிரியன் எழுதியது:

அவருக்கு அப்போது வீட்டில் தவழுகிற பிள்ளை இல்லையே!

இரவுப்பணி எழுதியது:

சரி சரி, அது உண்மைதான்.

பெயர்வேண்டாம் எழுதியது:

படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஒன்றை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்த பிறகு அம்மாவுக்கு மனச்சோர்வு வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் வரும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு, குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னுமான காலத்தில், இது இருந்தது தெரிந்தது. பிறந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் இன்னும் அதிகம். எனக்கு அது எரிச்சலாக வந்தது. சும்மா சும்மா கோபம். குழந்தை அழுதால் அறையை விட்டு வெளியே போய்விடத் தோன்றும். சோர்வு என்றே எனக்கு உறைக்கவில்லை.

ஓட்டம் குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் போனேன், பேசினேன், அதுதான் முதல். ஓட்டம் எனக்குத் துணையாக நின்றது. ஓடி முடித்ததும் தலைக்குள் இரைச்சல் அடங்கி ஓரிரு மணி நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் குழந்தையோடு இருக்க முடிந்தது. ஓடியதும் வரும் மகிழ்ச்சிக்கு உடம்பில் சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் 2021இல் வெளியான சோதனையில், எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவிட்டிருக்கிறார்கள், அப்போதும் அந்த மகிழ்ச்சி குறையவில்லையாம். உடம்பே சுரக்கிற எண்டோகன்னாபினாய்டு என்ற பொருள்தான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எதுவாக இருந்தால் என்ன.

ஓட்டமே ஓடி ஒளிகிற இடமாகவும் ஆகிவிடலாம், இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பேச வேண்டியதைப் பேசாமல் தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

எழுதியதற்கு நன்றி தம்பி. கடைசிப் பத்தியை எங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மெதுவோட்டக்காரர் எழுதியது:

இதயம் பற்றி எழுத விட்டுப்போனது, எழுதிவிடுகிறேன். ஓடுகிறவனுக்கு மாரடைப்பு வராது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் ஜாகிங்கை மக்களிடம் கொண்டுசென்ற ஜிம் ஃபிக்ஸ் 1984இல் ஓடும்போது மாரடைப்பில் இறந்தார், வயது 52. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு வந்து 43 வயதில் உயிர் போயிருந்தது. மகனும் 35 வயது வரை நிறையப் புகைத்து, எடை கூடிப் போய், அதற்கப்புறம் ஓட வந்தவர். ஓட்டம் அவர் ஆயுளைக் கூட்டியதா குறைத்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நமக்கு வேண்டிய பாடம் எளிது. குடும்பத்தில் சின்ன வயதில் யாருக்காவது இதய நோய் இருந்தால் தொடங்கும் முன்பே பரிசோதனை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் நின்று, அன்றைக்கே மருத்துவர்.

இரும்புப்பிரியன் எழுதியது:

இதற்கு மறுபேச்சே இல்லை.

மாரத்தான் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 42.195 கிலோமீட்டருக்குத் தயாராவது தேவையில்லாத ஆடம்பரம். 10 கிலோமீட்டரை நிம்மதியாக ஓடுகிற அப்பாவுக்கு இந்த இழையில் சொன்ன பலன் எல்லாமே கிடைத்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு மாரத்தான் எங்கும் ஓடிவிடாது.

வண்டிதள்ளி எழுதியது:

ஆச்சரியம், நானும் ஒப்புக்கொள்கிறேன். பெரியவளுக்குப் பள்ளி வயது என்றால் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004இல் இங்கிலாந்தில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இப்போது பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தாலும் ஏற்பார்கள். 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெரியவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றாலும் பரவாயில்லை, அவள் சைக்கிளில் வரட்டும், நீங்கள் பக்கத்தில் ஓடுங்கள். அவளுக்குத்தான் வேகம் அதிகமாக இருக்கும்.

இருபிள்ளைத் தகப்பன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசிவிட்டோம். திங்கள், புதன் காலையில் ஓட்டமும் நடையும் கலந்து 25 நிமிடம். சனிக்கிழமை பெரியவளின் சைக்கிளோடு. டம்பெல்லுக்குப் பதிலாக இப்போதைக்குச் சின்னவனைத் தூக்குகிறேன், இரும்புப்பிரியன் மன்னிக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு அவசரமில்லை. பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

உங்கள் நாளெல்லாம் எழுதிவிட்டீர்கள். வீட்டில் அவருக்கு எந்த நாள்?

இருபிள்ளைத் தகப்பன் எழுதியது:

செவ்வாய், வியாழன் மாலை, அப்புறம் ஞாயிறு காலை முழுக்க. என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.